ஓர் இனம் அற்றுப்போதல் உயிர்க்கொலையாகுமா?

கடந்த வைகாசிப் பௌர்ணமியன்று, மறையூரிலிருந்து சின்னாற்றை நோக்கி இறங்கும் மலைச்சரிவிலுள்ள எங்கள் சிற்றூரில், திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின் இளைஞர் ஒருவர் எழுந்து வினாவொன்று தொடுத்தார். கூடியிருந்தோர் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும், கரும்புக் கொல்லைகளில் கூலிவேலை செய்வோரும், அவர்தம் மக்களுமாவர். தம்மத்தைத் தழுவிச் சில ஆண்டுகளே ஆன குடும்பங்கள் பல. இளைஞரோ கல்லூரியில் பயில்பவர். அவர் கேட்டதாவது:

"ஐயா, ஓர் ஆமையைக் கொல்வது முதற் சீலத்திற்கு மாறு என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆமைக்குலம் ஒன்று அடியோடு அற்றுப்போனால், அதில் தனியே ஒரு தீமை உண்டா? எந்த ஆமையும் ஒருநாள் சாகத்தான் போகிறது. தோன்றிய யாவும் மறையும் என்றே பகவன் உரைத்தார். அப்படியிருக்க, ஓர் இனம் மறைந்ததென்று வருந்துவது பற்றுதலன்றி வேறென்ன? அரியலூர்ப் பக்கத்தில் ஓர் ஆமையினம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அழிந்து கல்லாகிக் கிடக்கிறதாம். அதற்காக நாம் அழ வேண்டுமா?"

சபையில் சிலர் நகைத்தனர். யான் நகைக்கவில்லை. வினா நுட்பமானது, அதைக் கேட்ட குரலில் ஏதோ ஒரு தவிப்பும் இருந்தது. அத்தவிப்பின் காரணம் அன்று எனக்குத் தெரியவில்லை. அன்று யான் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர் நிதானமாக எண்ணியதை ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆமையைப் பற்றி நம் அன்பர்கள் அறிதல் வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றோர் ஊர் உண்டு. அரியலூர் நிலம் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது. இன்று சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில், சுருண்ட சங்கு போன்ற அம்மோனைட்டுகள் என்னும் கடலுயிர்களின் படிவங்கள் கிடைப்பது அதனாலேயே. கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொணர்ந்து குவித்த மணலும் களியுமே கல்லமேட்டுப் படுகை. கிரெட்டேசியஸ் யுகத்தின் இறுதிப் பகுதி அது. டைனோசார்கள் இன்னும் உலவிக்கொண்டிருந்த காலம். இன்றைக்கு 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்த யுகம் முடிந்தது.

அப்படுகையிலிருந்து எடுக்கப்பட்ட ஆமை மண்டையோடுகளையும் ஓட்டுத் துண்டுகளையும் ஆராய்ந்து, காஃப்னி, சங்கர் சாட்டர்ஜி, ருத்ரா ஆகிய மூவரும் 2001இல் ஒரு புதிய பேரினத்தை அறிவித்தனர். அதற்குக் கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று பெயரிட்டனர். 'கூர்மம்' என்னும் வடசொல்லோடு ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கூட்டி, கல்லமேட்டையும் சேர்த்து அமைத்த பெயர் இது. புராணக் கூர்மத்தின் பெயர் எதற்கு என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கலாம். யான் சுளிக்கவில்லை. உலகைத் தாங்கியதாகச் சொல்லப்பட்ட கூர்மத்தின் பெயர், உலகம் தன் மடியிலே தாங்கிக் காத்து வைத்திருந்த ஓர் ஆமைக்குச் சென்று சேர்ந்தது. அவ்வளவே.

இப்பெயராசை புதிதும் அன்று. சிவாலிக் குன்றுகளில் ஃபால்கனர், காட்லி என்னும் இரு பிரித்தானியர் 1830களில் ஒரு பேராமையின் எலும்புகளைக் கண்டெடுத்தபோது, அதன் ஓடு மட்டும் 12 அடி நீளம் இருக்கும் என்று மதிப்பிட்டு, உலகைத் தாங்கும் ஆமைக் கதைக்கு இதுவே மூலமாக இருக்கலாம் என்றும் எழுதினர். பின்வந்தோர் அளந்து பார்த்ததில் அவ்வளவு பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. கதை பெரிதாக இருந்தால் எலும்பும் பெரிதாகிவிடும் போலும்.

கல்லமேட்டு ஆமை பெரிதன்று. ஆயினும் அதன் உடலமைப்பில் ஒரு செய்தி இருக்கிறது. நம் நாட்டு ஆமைகள் தலையை நேரே பின்னுக்கு இழுத்து ஓட்டினுள் ஒடுக்கிக்கொள்ளும். கல்லமேட்டு ஆமையோ கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, தலையை ஓட்டின் விளிம்பிற்குக் கீழே ஒதுக்கி வைக்கும் வகையைச் சேர்ந்தது. அவ்வகை ஆமைகள் இன்று தென் அமெரிக்காவிலும், ஆப்பிரிக்காவிலும், மடகாஸ்கரிலும், ஆஸ்திரேலியா, நியூகினி ஆகிய நாடுகளிலும் வாழ்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வாழும் பக்கக் கழுத்து ஆமை ஒன்றுகூட இன்று இல்லை. கல்லமேட்டு ஆமைக்கு நெருங்கிய உறவான கிங்கோனிகெலிஸ் என்னும் மற்றோர் அழிந்த ஆமை மடகாஸ்கரில் கண்டெடுக்கப்பட்டு 2009இல் பெயர் பெற்றது. இந்திய நிலமும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிடந்து, ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பதற்கு இவ்வுறவும் ஒரு சான்று. நிலம் பிளந்து மிதந்து போயிற்று. உறவினர் இருபுறமும் நின்றுவிட்டனர்.

புலனடக்கத்திற்குப் பகவன் ஆமையை உவமை காட்டியது அன்பர்கள் அறிந்ததே. நரியைக் கண்ட ஆமை நான்கு கால்களையும் கழுத்தையும் ஓட்டினுள் ஒடுக்கிக்கொண்டு அசையாதிருக்க, நரி காத்திருந்து சலித்துப் போயிற்று என்பது அவ்வுவமை. நம் திருக்குறளும் ஆமையையே காட்டுகிறது. பக்கவாட்டில் மடியும் கழுத்து விளிம்பருகே சற்று வெளித்தெரியவே செய்யும். முழுதும் ஒடுங்க இயலாத ஆமையும் எத்தனையோ காலம் வாழ்ந்தது என்று எண்ணும்போது, என்னைப் போன்ற அரைகுறை உபாசகர்களுக்கு ஓர் ஆறுதல். இது நிற்க.

இனி இளைஞரின் வினாவிற்கு வருவோம். அவர் வாதத்திற்கு நம் நூல்களிலேயே வலுவான ஆதரவு உண்டு. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரை எடுத்துக்காட்டி விளக்கியதை நினைவு கூர்க. அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, இவையெல்லாம் கூடியவிடத்து நாம் இடும் பெயரே தேர். அவ்வாறே 'ஆமையினம்' என்பதும் ஒரு பெயரே. இனம் என்று ஒரு பொருள் எங்கும் மூச்சுவிட்டுக் கொண்டிருக்கவில்லை. துன்புறுவது இந்த ஆமை, அந்த ஆமை. இனத்திற்கு வலி இல்லை. வலி இல்லாத ஒன்றிற்கு எவ்வாறு தீங்கிழைப்பது?

மேலும், வினையென்பது சேதனையே, அதாவது உள்ளத்தின் எண்ணமே என்பது பகவன் கொள்கை. கிரெட்டேசியஸ் யுகத்தின் முடிவில் மெக்சிகோ நாட்டின் ஓரத்தில் ஒரு விண்கல் வீழ்ந்தது. அக்காலத்தையொட்டியே தக்காணப் பீடபூமியில் எரிமலைக் குழம்பு பெருகிப் படிந்துகொண்டிருந்தது. டைனோசார்கள் முதலாய எத்தனையோ குலங்கள் மாண்டன. விண்கல்லுக்குச் சேதனை உண்டா? எரிமலைக்குக் கோபம் உண்டா? ஆகவே அங்கே மரணம் உண்டு, கொலை இல்லை. இதை யான் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். கல்லமேட்டு ஆமைக்காக எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

இளைஞர் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கலாம். அவர் போகாததால் அவர்பொருட்டு யானே போகிறேன். விலங்குப் பிறவி துன்பப் பிறவி என்பது நம் கோட்பாடு. நூறாண்டுக்கு ஒருமுறை கடல்மேல் தலைநீட்டும் குருட்டாமை, அலைந்து மிதக்கும் ஒற்றைத் துளை நுகத்தடியில் கழுத்தை நுழைப்பது எவ்வளவு அரிதோ, தாழ்ந்த பிறவியிலிருந்து மானிடப் பிறவிக்கு ஏறுவது அதனினும் அரிது. அங்ஙனமாயின் விலங்குக் குலங்கள் குறையக் குறையத் துன்பத்தின் வாயில்கள் அடைபடுகின்றன. அது நன்மையன்றோ என்று ஒருவர் வாதிக்கலாம்.

இவ்வாதம் கேட்க அழகாயிருப்பினும் உள்ளே பொத்தல். உயிரைப் பிறவியில் தள்ளுவது வேட்கையேயன்றி, முட்டையும் கருப்பையும் அல்ல. ஒரு வாயிலை அடைத்தால் வேட்கை மற்றொரு வாயிலைத் தேடும். பசித்தவன் வீட்டு அடுப்பை இடித்துவிட்டால் அவன் பசி தீர்ந்ததாகுமா? ஆகவே இனங்கள் குறைவதால் துன்பம் குறையும் என்பது வெறுங்கணக்கு. அக்கணக்கைப் போடும் உரிமையும் நமக்கில்லை. எந்தப் பிறவி உலகில் இருக்கலாம், எது இருக்கலாகாது என்று தீர்ப்பளித்தவர்கள் யாவர் என்பதும், அத்தீர்ப்பு யார் முதுகில் விழுந்தது என்பதும் நம்மவர் மறக்கக்கூடியவையல்ல.

'இனம் வெறும் பெயர்' என்ற வாதத்தையும் சற்று உரசிப் பார்ப்போம். நாகசேனர் தேரைக் காட்டியது தேரைப் பற்றிப் பேசுவதற்காகவா? 'நாகசேனன்' என்பதும் ஒரு பெயரே என்று நிறுவுவதற்காகவே. இனம் பெயரென்றால் நானும் பெயர், நீங்களும் பெயர், அந்த ஒற்றை ஆமையும் பெயர். பெயரென்பதால் அக்கறை வேண்டாமென்று தொடங்கினால் அக்கறைக்குரியது எதுவுமே எஞ்சாது. தேர் பெயர்தான் என்று சொல்லிய நாகசேனர், மன்னனின் தேர்ச்சக்கரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை.

பெயரை விட்டுவிட்டு நிகழ்வதைப் பார்த்தால் எஞ்சுவது சார்புத் தோற்றம். இது இருத்தலால் அது உண்டாகிறது. ஓர் ஆமை இட்ட முட்டை, அதைப் பொதித்த மண், அம்மண்ணை நனைத்த மழை, குஞ்சு தின்ற புல், புல்லை வளர்த்த வெயில் என இவ்வாறு சங்கிலியாக ஓடிவரும் ஒன்றிற்கே நாம் இனமென்று பெயரிட்டோம். தனியோர் ஆமையைக் கொல்பவன் அச்சங்கிலியில் ஒரு கண்ணியை அறுக்கிறான். சங்கிலி வேறு கண்ணிகளால் ஓடும். கடைசி ஆமைகளைக் கொல்பவன் அறுப்பதும் எண்ணிக்கையில் ஓரிரு மூச்சுகளே. ஆயினும் அதன்பின் வரவிருந்தது எதுவும் வாராது. எண்ணிக்கை ஒன்றேயாயினும் விளைவு ஒன்றன்று.

இங்கேதான் சேதனை பற்றிய கேள்வி கூர்மையாகிறது. 'யான் இனத்தை அழிக்க எண்ணவில்லையே. ஓர் ஆமையைத்தானே பிடித்தேன்' என்பான் ஒருவன். 'யான் புல்லுக்குத் தீ வைத்தேனேயன்றி ஆமைக்கு வைக்கவில்லை' என்பான் இன்னொருவன். எண்ணமில்லாததால் வினையில்லை என்று இவர்களை விட்டுவிடலாமா?

சங்கத்தார் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் எவ்வாறு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் பிக்குகள் மழையிலும் ஊர்ஊராக நடந்தனர். பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துத் துவைக்கின்றனரே என்று மக்கள் முறையிட்டனர். பிக்குகளில் எவருக்கேனும் ஒரு புழுவைக் கொல்லும் எண்ணம் இருந்ததா? இல்லை. 'எண்ணமில்லை, ஆகவே குற்றமில்லை' என்று சொல்லிப் பகவன் அம்முறையீட்டைத் தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை, மழைக்காலத்தில் தங்கியிருக்குமாறு விதித்தார். காலடியில் உயிர் நசுங்குகிறது என்று தெரிந்தபின் அதே வழியில் நடப்பவன், தெரியாமல் நடந்தவன் அல்லன். தெரிந்துகொண்டது அவன் எண்ணத்தையே மாற்றிவிடுகிறது.

ஓர் இனம் முற்றிலும் அற்றுப்போகக்கூடும் என்பதையே மாந்தர் நெடுங்காலம் அறியார். 1796இல் குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அழிந்த யானையினத்தின் எலும்புகளைக் காட்டி நிறுவும்வரை, காணாத விலங்கு எங்கேனும் காட்டில் இருக்கும் என்றே கற்றோரும் நம்பினர். அந்நம்பிக்கையோடு வேட்டையாடியவனும் நம்மைப் போன்றவனும் ஒன்றல்லர். கல்லமேட்டு மண்டையோடு நம்மிடம் கண்ணீர் கேட்கவில்லை. 'போனது போனதே, மீளாது' என்ற செய்தி ஒன்றைத் தருகிறது. கேட்டுக்கொண்டபின் கேளாதார்போல் இருக்கலாகாது.

கல்லும் நிலையன்று என்பதையும் அவ்வூரே காட்டுகிறது. கல்லமேட்டிலிருந்து பேருடல் படைத்த ஒரு டைனோசாரின் எலும்புகளை எடுத்து, 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு வெளியிட்டனர். அவ்வெலும்புகள் நொறுங்கி மண்ணாய்ப் போயின. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்தவை, வெளிச்சம் கண்ட சில ஆண்டுகளிலேயே இல்லாதொழிந்தன. பெயரும் சில படங்களும் எஞ்சின.

மண்ணுள் எலும்பு என்றவுடன் எனக்கு மணிமேகலையே நினைவுக்கு வரும். சாவக நாட்டரசன் புண்ணியராசன் மணிபல்லவத்தை அடைந்து, மணலைத் தோண்டி, முற்பிறவியில் ஆபுத்திரனாக உண்ணாதிருந்து உயிர்விட்ட தன் உடலின் எலும்புகளைத் தானே காண்கிறான். அவ்விடத்தைப் படிக்குந்தோறும் மெய் சிலிர்க்கும். மண்ணில் கிடக்கும் எலும்பு பிறர் எலும்பு என்று நம்மால் உறுதி கூற முடியாது என்பதன்றோ அக்காட்சி? வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போனவனும் அதே ஆபுத்திரன். அவன் 'பசுவினம்' பற்றி எண்ணவில்லை. எதிரே கட்டுண்டு நடுங்கிய ஒரு பசுவைக் கண்டான்.

நம் மலைகளில் இன்றும் இரண்டு மூன்று நில ஆமைகள் உள. பாலக்காட்டுப் பரம்பிக்குளம் முதல் இடுக்கி மலைகள் வரையிலும் அதற்கப்பாலும், ஈரக்காடுகளிலும் மூங்கிற் காடுகளிலும் வாழ்வது திருவிதாங்கூர் ஆமை. ஒரு முழத்திற்கும் குறைவான ஓடு. இனம் பெருக்கும் காலத்தில் கண்ணையும் மூக்கையும் சுற்றி இளஞ்சிவப்பு படரும். சின்னாற்றின் வறண்ட முட்காட்டில் இருப்பது நட்சத்திர ஆமை. கேரளத்தில் அதன் இயற்கை வாழிடம் இது ஒன்றே. மூன்றாவது, மலையாளத்தார் சூரலாமை என்று வழங்கும் பிரம்புக்காட்டு ஆமை. இதன் கதை தனியே சொல்லத்தக்கது.

1912இல் ஹெண்டர்சன் என்பவர் கொச்சி நாட்டுக் காடுகளில் கிடைத்த இரண்டே ஆமைகளைக் கொண்டு இதை விவரித்தார். அதன்பின் எழுபதாண்டுகள் எந்த ஆராய்ச்சியாளர் கண்ணிலும் இது படவில்லை. அற்றுப்போயிற்றோ என்று ஐயுற்றிருந்த நிலையில், சென்னை முதலைப் பண்ணையைச் சேர்ந்த ஜெ. விஜயா என்னும் இளம்பெண் 1982இல் காட்டிற்குள் சென்று, காடர் மக்களின் துணையோடு தேடி, உயிருள்ள ஆமையைக் கண்டுபிடித்தார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஆமை. அவர் 1987இல் இளவயதிலேயே மறைந்தார். 2006இல் அவ்வாமைக்குத் தனிப் பேரினம் வகுத்து விஜயகெலிஸ் என்று அவர் பெயரையே இட்டனர். புராணப் பெயர் பெற்ற ஆமை கல்லாகிவிட்டது. காட்டில் தேடி நடந்த பெண்ணின் பெயரைத் தாங்கிய ஆமை இன்றும் இலைச்சருகினடியில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

யான் பிறரைப் பழிக்க இதை எழுதவில்லை. என் பத்தாம் வயதில், காட்டுத்தீ அணைந்த மறுநாள் சாம்பலில் ஆமை பொறுக்கப் போன சிறுவர்களில் யானும் ஒருவன். ஓடு கருகி, உயிர் மட்டும் போகாத ஓர் ஆமையைக் கூடையில் எடுத்து வந்தேன். என் தாயார் அதைச் சமைத்தார். நாங்கள் ஐவரும் உண்டோம். அன்று வீட்டில் அரிசி இல்லை. பசித்து உண்டவரின் சட்டியை எட்டிப்பார்த்து 'சீ' என்று உமிழ்ந்தவர்களின் சீலத்தை யான் சீலமென்று கொள்ளேன். உணவு கொடுத்தோரே உயிர் கொடுத்தோர் என்பது மணிமேகலை காட்டும் அறமாதலின், பசித்தவனுக்கு முதலில் சோறு. பிறகே சீலம் பற்றிய பேச்சு. ஆனால் இன்று எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறது. ஆமைக்கு வருவோரும் பசித்து வருவதில்லை. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம் ஊரில் பழமொழி சொல்ல, தொலைநகரங்களில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் செல்வம் சேருமென்று விலை கொடுத்து வாங்குகின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுத்தும், 2019இல் உலக நாடுகள் கூடி அதன் வாணிகத்திற்கு முழுத்தடை விதித்தும் கடத்தல் நிற்கவில்லை. பறிமுதல் செய்யப்பட்ட ஆமைகளைப் பழக்கிக் காட்டில் விடுவதற்கென்றே சின்னாற்றில் ஓரிடம் அமைத்திருக்கின்றனர்.

பௌர்ணமி கழிந்து நான்காம் நாள் இரவு அந்த இளைஞர் என் வீட்டிற்கு வந்தார். நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு சொன்னார்: அவர் தந்தையார் விறகிற்குப் போனவிடத்தில் ஒரு நட்சத்திர ஆமையைக் கண்டு எடுத்து வந்திருக்கிறார். சமவெளியிலிருந்து ஒருவன் வந்து விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டான். அப்பணம் இளைஞரின் கல்லூரிக் கட்டணத்திற்குப் போய்விட்டது. ஆமை பத்து நாட்களாகக் கூடையின் கீழ்க் கவிழ்த்துக் கிடக்கிறது.

அவருடைய வினா எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"வழியில் கிடந்தது என்று சொல்லி வனக்காவலரிடம் ஒப்படைத்துவிடலாமா, ஐயா?" என்றார்.

"நான்காம் சீலம் என்ன ஆவது, தம்பி?" என்றேன். இருவரும் சிரித்தோம். அது சிரிக்கும் நேரமன்று என்பதும் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அவருடைய தந்தையாரிடம் இருவருமாகப் பேசினோம். அவர் என்னைப் பார்த்து, "பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது? உங்கள் சங்கமா?" என்றார். நேர்மையான கேள்வி. அன்று மாலைக்குள் எங்கள் அன்பர்கள் இருபதும் ஐம்பதுமாகச் சேர்த்து முன்பணத்தை ஈடுகட்டினர். அதன்பின் அவரே ஆமையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்களுடன் நடந்தார். வனத்துறையினரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னோம், எழுதிக்கொண்டனர். வழக்கு வருமா வராதா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. தந்தையார் என்னோடு இன்னும் பேசுவதில்லை. சாக்கை அவிழ்த்தபோது, பத்து நாட்களாக உள்ளே ஒடுங்கியிருந்த அந்த ஆமை கழுத்தை நேரே நீட்டி எங்களைப் பார்த்தது.